த்ரெட்டைக் கூட்டியும் சர்வர் ஏன் விழுந்தது?

கேள்வி: வணக்கம் அக்கா. சிங்கப்பூர் தேக்காவில் இருக்கும் எங்கள் மாமாவின் பலகாரக் கடைக்கு இணையத்தில் ஆர்டர் எடுக்கும் வேலையை நான்தான் கவனிக்கிறேன். 4 ஜிபி மெமரி உள்ள சர்வரில் டாம்கேட் (ஜாவா இணையச் செயலிகளை ஓட்டும் மென்பொருள்) ஓடுகிறது, டேட்டாபேஸ் வேறு சர்வரில். போன தீபாவளிக்கு முந்தைய வாரம் இரவு ஒன்பதுக்கு மேல் பக்கமே திறக்கவில்லை. த்ரெட்டை (வரும் கோரிக்கைகளை ஆளுக்கொன்றாகக் கவனிக்கும் வேலையாட்கள் போன்றவை) 200-லிருந்து 1,000 ஆக்கினேன், ஹீப்பை (ஜாவா தன் தரவை வைக்கும் மெமரி) 4 ஜிபி ஆக்கினேன். அரைமணி நேரத்தில் ஜாவாவே செத்துப்போனது. இந்த வருஷம் எவ்வளவு வைக்கலாம்?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: தம்பி, முதலில் ஒரு பெருக்கல். வினாடிக்கு எத்தனை ரிக்வெஸ்ட் வருகிறது, ஒவ்வொன்றும் எத்தனை வினாடி உள்ளே தங்குகிறது? இரண்டையும் பெருக்கினால் ஒரே சமயத்தில் உள்ளே இருப்பவை எத்தனை என்று தெரிந்துவிடும். ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்த விதி இது. வினாடிக்கு 60 வந்து, ஒன்றுக்குக் கால் வினாடி ஆனால், 15 த்ரெட்தான் வேலையில் இருக்கும். டாம்கேட் தானாகவே தரும் 200 தாராளம்.

அந்த 200-ம் நிரம்பியதென்றால், தங்கும் நேரம் நீண்டிருக்கிறது. நான் கனெக்‌ஷன் பூலைத்தான் சந்தேகப்படுவேன், அதாவது டேட்டாபேஸோடு பேசத் திறந்து வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பை. ஹிக்காரி என்ற பூல் மென்பொருள் என்றால், நீங்கள் மாற்றாதவரை 10 கனெக்‌ஷன். ஒவ்வொரு ரிக்வெஸ்டும் ஒரு கனெக்‌ஷனை 0.1 வினாடி வைத்திருந்தால் வினாடிக்கு 100 முடியும். இன்டெக்ஸ் (தேடலை வேகப்படுத்தும் அட்டவணை) இல்லாத ஒரு குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) அதை அரை வினாடிக்கு இழுத்துவிட்டால் 20 தான் முடியும். 60 வருகிறது, 20 போகிறது, வினாடிக்கு 40 தேங்குகிறது. 200 த்ரெட் 5 வினாடியில் நிரம்பும். 1,000 என்றால் 25 வினாடியில். 800 த்ரெட்டைக் கூட்டி நீங்கள் வாங்கியது அந்த 20 வினாடி அவகாசம்தான்.

முன்பு வேலை பார்த்த இடத்தில் நானும் இரவு இரண்டு மணிவரை த்ரெட்டை ஏற்றிக்கொண்டே இருந்தேன். கடைசியில் த்ரெட் டம்ப் (ஒவ்வொரு த்ரெட்டும் அந்தக் கணத்தில் நிரலின் எந்த வரியில் நிற்கிறது என்ற பட்டியல்) எடுத்துப் பார்த்தால், ஏறக்குறைய எல்லாமே ஒரே வரியில் கனெக்‌ஷனுக்காகக் காத்துக் கிடந்தன. அன்றிலிருந்து டம்ப் பார்க்காமல் எந்த எண்ணையும் தொடுவதில்லை. ஜேஸ்டாக் என்ற ஜாவா கருவியில், பத்து வினாடி இடைவெளிவிட்டு மூன்று எடுங்கள்.

மெமரிக்கு வருவோம். 64 பிட் லினக்ஸில் ஒவ்வொரு த்ரெட்டின் ஸ்டாக்குக்கும் (அதன் சொந்த வேலையிடம்) ஜாவா 1 எம்பி ஒதுக்கும், ஆனால் பயன்படுத்திய அளவுக்குத்தான் ராம் செலவாகும். ஒவ்வொரு ரிக்வெஸ்டும் ஹீப்பில் பிடித்துவைத்திருப்பதுதான் பெரிது. ஒன்றுக்கு 2 எம்பி என்றாலே, காத்துக் கிடக்கும் 1,000-க்கு 2 ஜிபி போய்விடும். ஹீப்போடு முடிந்துவிடுவதும் இல்லை: மெட்டாஸ்பேஸ் (கிளாஸ் விவரங்கள் இருக்கும் இடம்), ஸ்டாக், நேரடி பஃபர் எல்லாம் அதற்கு வெளியே. 4 ஜிபி சர்வரில் 4 ஜிபி ஹீப் கொடுத்தால் மற்றதற்கு இடமேது? மெமரி தீர்ந்தால் ஏதாவது ஒரு புரோகிராமை நிறுத்திவிடும் லினக்ஸின் ஓஓஎம் கில்லர்தான் ஜாவாவை நிறுத்தியிருக்கும் என்று நினைக்கிறேன். கெர்னல் லாகில் (லினக்ஸின் உள்பதிவு) பாருங்கள், ஜாவாவை நிறுத்தியதாக ஒரு வரி இருக்கும்.

புது மெமரி இப்போது வாங்காதீர்கள். ஹீப்பை 2 ஜிபி ஆக்குங்கள், த்ரெட்டை 100-க்கு இறக்குங்கள். குவெரிக்கு இன்டெக்ஸ் போட்டு அளந்த பிறகும் போதவில்லை என்றால் பூலை 15 ஆக்கலாம். போன வருஷ ஆக்சஸ் லாகில் (வந்த ரிக்வெஸ்ட்களின் பதிவு) உச்ச நேரத்து வினாடிக் கணக்கை எடுத்து, அதைப்போல் இரண்டு மடங்கை ஜேமீட்டர் என்ற சோதனைக் கருவியில் வேறொரு கணினியிலிருந்து அனுப்பிப் பாருங்கள். இதெல்லாம் புரட்டாசி முடிவதற்குள் நடக்கட்டும். முறுக்கு ஆர்டர் ஏறத் தொடங்கியபின் சர்வரில் கை வைக்க வேண்டாம்.