ஐரிசின் மாத்திரை இருந்தால் நடக்க வேண்டாமா?

கேள்வி: எனக்கு 54 வயது. சென்ற ஆண்டு இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். உடற்பயிற்சி செய்யும்போது சுரக்கும் ‘ஐரிசின்’ ஹார்மோன்தான் இதயத்தைக் காக்கிறது என்று படித்தேன். அதன் அளவை ரத்தப் பரிசோதனையில் பார்த்துக்கொள்ளலாமா? மாத்திரையாகக் கிடைத்தால், முழங்கால் வலியோடு நடப்பதை விட்டுவிடலாம் அல்லவா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். விட முடியாது. ஐரிசின் 112 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு புரதம். சும்மா விழுங்கினால், இன்சுலினைப் போலவே அதையும் குடல் செரித்துவிடும். அந்தப் பெயரில் யாராவது மாத்திரை விற்றால் வாங்காதீர்கள்.

ஆனால், நீங்கள் படித்ததில் பாதி உண்மை இருக்கிறது. தசை உழைக்கும்போது அதன் செல் சவ்விலுள்ள ஒரு புரதத்தின் துண்டு அறுபட்டு ரத்தத்தில் கலப்பதை, 2012-இல் புரூஸ் ஸ்பீகல்மேனின் ஹார்வர்டு குழு விவரித்தது. அந்தத் துண்டுதான் ஐரிசின். எலிகளில் அது வெள்ளைக் கொழுப்பை வெப்பம் உண்டாக்கும் கொழுப்பாக மாற்றியது. ரத்தக்குழாயின் உட்படலம் நைட்ரிக் ஆக்சைடு சுரக்கவும், குழாய் தளரவும் அது உதவுவதாகப் பிற்பாடு வந்த விலங்கு ஆய்வுகள் காட்டின.

மனிதர்களிடம் வந்ததும் கதை சிக்கலாகிறது. இதய ரத்தக்குழாய் நோய் உள்ளவர்களிடம் ஐரிசின் குறைவு என்கின்றன சில ஆய்வுகள். உங்களைப் போல அடைப்பு நீக்கும் சிகிச்சை பெற்றவர்களைக் கவனித்த 2015-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றிலோ, ஐரிசின் கூடுதலாக இருந்தவர்களுக்கே பின்னர் இதயச் சிக்கல்கள் அதிகம் வந்தன. அது காரணமா, நோய்க்கு உடல் காட்டும் எதிர்வினையா என்பது தீரவில்லை. போதாக்குறைக்கு, அளக்கும் கருவிகளே நம்பகமாக இல்லை என்று ஆய்வாளர்களுக்குள் பெரிய சண்டையே நடந்தது. எனவே பரிசோதனையும் வேண்டாம். என்ன எண் வந்தாலும் உங்கள் மருத்துவர் அதை வைத்து எதையும் மாற்றப் போவதில்லை.

நடை என்பது ஒரு ஹார்மோனோடு முடிகிற விஷயமும் இல்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை, டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு எல்லாவற்றையும் அது தொடுகிறது. முழங்கால் வலித்தால் நீச்சலோ, நிலையான சைக்கிளோ போதும். தசைக்கு வேலை கிடைத்தால் சரி. வாரத்துக்கு 150 நிமிட மிதமான பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பொது அளவு. உங்களுக்கு எவ்வளவு வேகம் தகும் என்பதை இதய மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள். பயிற்சியில் நெஞ்சு இறுகினால் உடனே நிறுத்துங்கள். நிறுத்தியும் தணியாவிட்டால் அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்கத் தந்த மாத்திரைகளை எக்காரணம் கொண்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.