ரோபோவைத் தொடாமல், சிமுலேஷனிலேயே ரோபோட்டிக்ஸ் பிஎச்டி முடிக்க முடியுமா?

முடியும். அப்படி முடித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. நீங்கள் கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்தவர், சோல்டரிங் அயர்னைக் கையில் எடுத்ததில்லை, அந்தப் பயத்தில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அதே பயத்தோடுதான் சேர்ந்தேன்.

இரண்டு சக்கர ரோபோ ஒன்று, கட்டடத்துக்குள் தான் எங்கே நிற்கிறது என்று தானே கணிப்பதுதான் என் ஆய்வு. சக்கரம் எவ்வளவு சுற்றியது என்று என்கோடர் சொல்லும், சுவர் எவ்வளவு தூரம் என்று லேசர் சொல்லும். இரண்டையும் சேர்த்து பார்ட்டிக்கிள் ஃபில்டர் என்ற கணக்கு முறை இடத்தைக் கணிக்கும். சிமுலேஷனில் அச்சுப் பிசகாமல் ஓடியது. துறையின் பெரிய ஹாலில் விட்டால் ஒரு நாள் ஒழுங்காகப் போகும், மறுநாள் மேப்பில் சுவருக்குள் நிற்கும். எங்கள் லேசருக்கு 4 மீட்டர்தான் எட்டும். நடு ஹாலில் சுவரே தெரியாது, சக்கரக் கணக்கை நம்பித்தான் போக வேண்டும். மூன்று மாதம் என் புரோகிராமையே சந்தேகப்பட்டேன். ஃபில்டரை இரண்டு முறை முதலிலிருந்து எழுதினேன்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் போரன்ஸ்டைன், ஃபெங் இருவரும் 1996-இல் எழுதிய கட்டுரை அப்போதுதான் கண்ணில் பட்டது. 4 மீட்டர் பக்கமுள்ள சதுரத்தில் ரோபோவை வலமாக 5 முறை, இடமாக 5 முறை ஓட்டிப் பார்ப்பது அவர்கள் முறை. சாக்பீஸால் சதுரம் போட்டேன், காலையில் கூட்டுகிற அக்கா துடைத்துவிட்டார். பிறகு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டினேன். இடமாகச் சுற்றியபோது புறப்பட்ட இடத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. வலமாகச் சுற்றியபோது ஏறக்குறைய 2 மீட்டர் தள்ளிப் போய்விட்டது.

வெர்னியர் காலிப்பரை எடுத்தேன். இடது சக்கரத்தின் விட்டம் 100 மில்லிமீட்டர், வலது 99. ரப்பர் தேய்ந்திருந்தது. சக்கரங்களுக்கு இடையே 40 சென்டிமீட்டர் என்றால், இந்த ஒரு மில்லிமீட்டர் 10 மீட்டர் ஓட்டத்தில் 14 டிகிரி வலப்பக்கம் இழுத்துவிடும். அந்த 40-ஐயும் நான் புரோகிராமில் கூடுதலாகப் போட்டிருந்ததால் மூலைகளில் தேவைக்கு மேல் திரும்பியது. இடமாகப் போனால் இரண்டு பிழையும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், வலமாகப் போனால் இரண்டும் கூடும். ஒழுங்காக ஓடிய நாளெல்லாம் நான் இடமாகச் சுற்றவிட்ட நாட்கள்.

"இது இளங்கலை மாணவனுக்கே தெரியுமே" என்று சிலர் பின்னூட்டம் போடுவீர்கள். பாடமாக எனக்கும் தெரியும். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் சிமுலேஷனில் நான் வைத்த இரண்டு சக்கரமும் எப்போதும் 100 தான், அங்கே ரப்பர் தேயாது.

புதுச் சக்கரத்துக்குத் துறை அலுவலகத்தில் மூன்று கொட்டேஷன் கேட்டார்கள். அதே சமயம் நான்கு மாதமாக ஸ்டைபெண்ட் வரவில்லை. வீட்டுக்காரரிடம் வாடகைக்குத் தவணை சொல்லிச் சொல்லி, அவர் பைக் சத்தம் கேட்டாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும். பிஎச்டி சேர்கிறவர்களிடம் யாரும் இதைச் சொல்வதில்லை, அதனால் சொல்கிறேன். கையில் ஆறு மாதச் செலவுக்காவது பணம் வைத்துக்கொண்டு சேருங்கள்.

சக்கரம் வருவதற்குள் இரண்டு எண்ணையும் புரோகிராமில் திருத்திவிட்டேன், ரோபோ இரண்டு பக்கமும் ஒழுங்காகச் சுற்றியது. சிமுலேஷனிலேயே செய்வதானாலும் லேபில் சும்மா கிடக்கும் ஒரு பழைய ரோபோவைக் கேட்டு வாங்குங்கள். முதலில் வலமாக ஓட்டிப் பாருங்கள்.