கிட்டார் கட்டும் தம்பி, தங்கச்சிகளுக்கு

பாளையங்கோட்டைப் பட்டறையில் முதல் கிட்டார் கட்டுகிறவர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

டாப் பலகையை (கிட்டாரின் மேல்முகம்) 3 மி.மீ.க்கு இழைத்துவிட்டேன் அண்ணாச்சி. ஐப்பசியில் அதன் உட்புறம் தாங்கும் பிரேஸ் கட்டைகளை ஒட்டலாமா? (சேரன்மகாதேவி)

வேண்டாம் தம்பி. மழைநாளில் பலகை ஈரம் குடித்து, ரேகைக்குக் குறுக்கே அகலும். அப்போது ஒட்டினால் அந்த அகலத்திலேயே பிடிபட்டுவிடும். சித்திரை வெயிலில் பலகை சுருங்கப் பார்க்கும், குறுக்கே ஒட்டிய கட்டை விடாது, ரேகையோடு வெடிக்கும். காற்றில் ஈரப்பதம் 45 முதல் 50 சதவீதம் இருக்கும்போது ஒட்டுங்கள். ஏசி அறை இல்லையா? பழைய அலமாரிக்குள் ஒரு குண்டு பல்பை, மரத்தில் படாமல், எரியவிட்டுப் பலகையையும் கட்டையையும் அதிலேயே வையுங்கள். உள்ளே ஈரப்பதமானி கட்டாயம்.

கழுத்தில் குறுக்கே பதிக்கும் ஃபிரெட் கம்பிகளுக்கு இடைவெளி எப்படிப் போடுவது?

நட்டு (கழுத்தின் மேல்முனையில் கம்பியைத் தாங்கும் துண்டு) முதல் பிரிட்ஜ் (டாப்பில் கம்பியைத் தாங்கும் கட்டை) வரை கம்பி நீளம் 650 மி.மீ. என்றால் 17.817ஆல் வகுங்கள், 36.48 வரும். அது முதல் ஃபிரெட். மீதி 613.52ஐ அதேபோல வகுத்துக்கொண்டே போங்கள். 12ஆவது 325இல் விழ வேண்டும். எல்லாவற்றையும் நட்டிலிருந்தே அளந்து குறியுங்கள். ஒன்றிலிருந்து அடுத்ததை அளந்தால் பிசகு ஏறிக்கொண்டே போகும்.

வீணைக்குப் பலா. கிட்டார் டாப்புக்கு மட்டும் ஏன் கூடாது? (அம்பாசமுத்திரம்)

வீணையில் கம்பி குதிரையை அழுத்திவிட்டுக் குடத்தின் ஓரத்தில் நாகபாசம் என்னும் கம்பிப்பிடியில் போய் நிற்கிறது. கிட்டாரில் பிரிட்ஜ் டாப்பிலேயே ஒட்டியிருக்கிறது. ஆறு இரும்புக் கம்பியும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் அதை இழுக்கும். அதைத் தாங்குகிற விறைப்பும் வேண்டும், கனமும் கூடாது. அதனால்தான் ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரம். பலாவை முதுகுக்கும் பக்கத்துக்கும் போடுங்கள், அருமையாக இருக்கும்.

அப்போ கிட்டாரிலும் கம்பியை அடியில் கட்டிவிட்டால்?

நல்ல கேள்வி! ஆர்ச்டாப் கிட்டார் அப்படித்தான். ஆனால் டாப்பை வளைவாகச் செதுக்க வேண்டும், நாதமும் வேறு.

எங்கள் வீட்டு வீணையில் மேல்பலகையும் பலாதான். நன்றாகப் பேசுகிறதே! (கல்லிடைக்குறிச்சி)

பேசும், அதை மறுக்கவில்லை. இழுவை வேறு என்கிறேன். இரண்டு மரத்திலும் ஒரே அளவில் பலகை இழைத்து, ஓரத்தை இரு விரலில் தொங்கவிட்டு, விரல் முட்டியால் தட்டிக் கேளுங்கள். அப்புறம் பேசுவோம். பலாவில் ஆர்ச்டாப் செய்வதானால் செதுக்க நானும் வருகிறேன்.

நவம்பரில்தான் லீவு. பிரேஸ் ஒட்டலாமா?

முதல் பதிலைப் படியுங்கள். ஈரப்பதமானி!

பிரிட்ஜுக்கு ஃபெவிகால் போதுமா?

வெள்ளைப் பசை வெயிலில் இளகி, கம்பி இழுவையில் மெல்ல நகரும். வஜ்ஜிரப் பசை (தோல், எலும்பு காய்ச்சியது) நகராது. பின்னால் கழற்றவும் சூடும் ஈரமும் காட்டினால் போதும்.

தோட்டத்து ஈட்டி மரம் கிடைக்கிறது.

வெட்ட அரசு அனுமதி வேண்டுமா என்று முதலில் கேளுங்கள். கேட்காமல் தொடாதீர்கள்.

டிசம்பரில் பிரேஸ்...

ஈரப்பதமானி என்ன காட்டுகிறது என்று எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.

பக்கப் பலகை வளைக்கும்போது ஒடிகிறது அண்ணாச்சி.

2 மி.மீ.க்கு இழைத்தீர்களா தங்கச்சி? பலகையை வளைக்கும் உலோகக் குழாய் மேல் தெளித்த நீர் உருண்டு துள்ளுகிற சூடு வேண்டும். பலகையை நனைத்து, அழுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருங்கள். மரம் கையில் திடீரென்று இளகும், அந்த நேரத்தில் வளையுங்கள்.