2,000 ரூபாய்க்குள் இயர்போன்: எனக்கு மேளமும் கச்சேரியும், தம்பிக்கு பேஸ். ஒரே மாடல் போதுமா?

கேள்வியில் நீங்கள் எழுதியிருப்பது: ஆளுக்கு 2,000 ரூபாய்க்குள் காதுக்குள் வைக்கும் இயர்போன் இரண்டு வேண்டும். நீங்கள் நாதஸ்வரம், கச்சேரி, எண்பதுகளின் சினிமாப் பாட்டு கேட்பவர். தம்பி கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்குப் பஸ்ஸில் கல்லூரி போகிறவர். அவருக்குக் குத்துப்பாட்டும் கேமும்.

ஒரே மாடல் போதாது. எதை வாங்கினாலும் இரண்டு பேரில் ஒருவருக்குப் பிடிக்காமல் போகும். இந்த விலையில் நல்லது கிடைக்குமா என்ற கவலை மட்டும் வேண்டாம். 2022-லிருந்து வந்த சில சீனத் தயாரிப்புகள் அதைத் தீர்த்துவிட்டன. யார் காதுக்கு எது ஒத்துப்போகும் என்பதுதான் இனி பார்க்க வேண்டியது.

பெட்டியில் அச்சடித்திருப்பதை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. நான் கீழே சொல்லப்போகும் நாலு மாடலிலும் 10 மில்லிமீட்டர் டைனமிக் டிரைவர், அதாவது சத்தம் எழுப்பும் குட்டி ஸ்பீக்கர், ஒன்றுதான் இருக்கிறது. நாலும் நாலு விதமாகக் கேட்கும். ‘20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை’ என்று பெரும்பாலும் போட்டிருப்பார்கள் (ஹெர்ட்ஸ் குறைந்தால் அடி சத்தம், அதாவது பேஸ்; கூடினால் மேல் சத்தம்). அது மனிதக் காதின் எல்லை, அவ்வளவுதான். அதற்குள் எந்த இடத்தைத் தூக்கி, எந்த இடத்தை அமுக்கியிருக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசமே.

உங்களிடம் ஒரு நல்ல அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது. டெல்டாவில் வளர்ந்தவர்கள் மைக் இல்லாத நாதஸ்வரத்தையும் தவிலையும் கோயில் புறப்பாட்டில் பக்கத்தில் நின்று கேட்டிருப்போம். ஹெட்போன் விமர்சனம் எழுதுகிறவர்களில் பலருக்கு இது வாய்க்காது. அந்த ஞாபகத்தைப் பயன்படுத்துங்கள்.

நாதஸ்வரத்தில், நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைகிற உலவு என்ற குழல், அதன் அடியில் அணசு என்ற விரிந்த வாய், வாய்ப்பக்கம் ஊதுவதற்கு நாணலால் ஆன சீவாளி. மரம் கனத்தைத் தரும், சீவாளி கூர்மையைத் தரும். ஏறக்குறைய 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரை அளவுக்கு மீறித் தூக்கிய இயர்போனில் சீவாளி மட்டும்தான் கேட்கும், மரம் காணாமல் போய்விடும். நம் காது மிகக் கூர்மையாகக் கேட்பதும் இந்த இடத்தில்தான். அதனால் பத்து நிமிடத்தில் காது வலிக்கிற மாதிரி ஆகி, கழற்றி வைத்துவிடுவீர்கள். அந்த இடத்தை ஒரேயடியாக அமுக்கிவிட்டாலோ, மேளம் ஏதோ மூடிய கதவுக்குப் பின்னால் நடப்பது போல ஆகிவிடும். ஒரு ஆலாபனையை எடுத்துக்கொண்டு மேல்ஸ்தாயி சஞ்சாரம் வரும்போது உடம்பு சுருங்குகிறதா என்று பாருங்கள். சுருங்கினால் அந்த மாடல் உங்களுக்கு இல்லை.

தவிலில் வலது கை விரல்களில் மாட்டிய கூடுகள் போடும் சொற்கள் தனித்தனியாக விழ வேண்டும். இடது பக்கக் கழியின் அடி அவற்றின் மேல் படர்ந்து மூடினால், பேஸ் தேவைக்கு மேல் இருக்கிறது என்று அர்த்தம். மிருதங்கத்தில் நான் முதலில் கேட்பது கும்கியைத்தான். தொப்பி எனும் இடது பக்கத்தில் அந்த அடி ஒலி எழும்பி, வளைந்து, அடங்க வேண்டும். பேஸ் குறைந்த இயர்போனில் வெறும் ‘தொப்’ என்று முடிந்துவிடும். பேஸ் வீங்கியதில் அந்த வளைவே தெரியாது, ஒரே ‘தூம்’.

அடுத்து குரல். ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் குரலின் ஆதார ஷட்ஜம், அதாவது அடிப்படை ‘ஸ’, சுமார் 131 ஹெர்ட்ஸ். ஐந்து கட்டையில் பாடும் பெண் குரலுக்குச் சுமார் 196 ஹெர்ட்ஸ். விலை குறைந்த ‘எக்ஸ்ட்ரா பேஸ்’ இயர்போன்கள் பலவற்றில் தூக்கல் 100 ஹெர்ட்ஸோடு நிற்காமல் 200, 300 வரை வழிந்து வரும். பாடகருக்குத் தொண்டை கட்டியது போல இருப்பது அதனால்தான். குத்துப்பாட்டில் இது பெரிதாகத் தெரியாது. கச்சேரியில் முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

எண்பதுகளின் சினிமாப் பாட்டுக்கு ஒரு தனி எச்சரிக்கை. பழைய ஒலிநாடாவின் ‘ஸ்ஸ்’ இரைச்சல் அந்தப் பதிவுகள் சிலவற்றிலேயே இருக்கிறது. ட்ரெபிள், அதாவது மேல் சத்தம், அதிகமான இயர்போன் அதை முன்னால் கொண்டுவந்து நிறுத்தும். பாடகியின் ‘ச’, ‘ஷ’ எல்லாம் குத்தும். விமர்சனங்களில் ‘ஏகப்பட்ட டீடெயில்’ என்று பாராட்டப்படும் மாடல்கள் பல நேரம் இந்தத் தூக்கலைத்தான் விற்கின்றன.

இரண்டு இயர்போனை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் சத்தம் கூடினாலே அது நன்றாக இருப்பதாகத் தோன்றும். அப்புறம், புதிதாக வாங்கியதை ஒரு நாள் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பழைய இயர்போனின் பழக்கம் காதிலிருந்து இறங்கச் சில நாள் ஆகும்.

இவ்வளவும் பார்த்து வாங்கினாலும் ரப்பர் மூடி, அதாவது டிப், சரியாக உட்காராவிட்டால் எல்லாம் வீண். காதுத் துளையை டிப் முழுதாக அடைக்க வேண்டும். சின்ன இடைவெளி இருந்தாலும் அடி சத்தம் வெளியே போய்விடும். ‘இதில் பேஸே இல்லை’ என்று எழுதுகிறவர்களில் நிறையப் பேருக்கு உண்மையில் டிப் அளவுதான் பொருந்தவில்லை என்பது என் எண்ணம். பெட்டியில் வரும் எல்லா அளவையும் போட்டுப் பாருங்கள். இடது காதுக்கு ஒரு அளவு, வலது காதுக்கு இன்னொன்று என்று அமைந்தாலும் தப்பில்லை. வாயைத் திறந்து, காது மடலை லேசாக மேலே இழுத்துக்கொண்டு உள்ளே வைத்தால் நன்றாக உட்காரும். வயரைக் காதுக்கு மேலே சுற்றிப் போடும் மாடல்தான் இப்போது அதிகம். சட்டையில் வயர் உரசுகிற சத்தம் அதனால் குறையும்.

சரி, மாடல்கள்.

உங்களுக்கு என் முதல் தேர்வு டாங்சூ வானர். குரலுக்கு இதமானது, கூர்மை அடக்கமாக இருக்கும், நாதஸ்வரத்தில் மரம் கேட்கும். அதைவிடச் சுத்தமாக, பேஸ் குறைவாக வேண்டுமென்றால் செவன் ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் ஜீரோ. காதுக்குள் போகும் அதன் குழல் கொஞ்சம் தடிமன். சின்னக் காதுக்கு உறுத்தும், மேலே சத்தம் சற்றுப் பளிச்சென்றும் இருக்கும். வீணையும் தம்புராவும் அதில் அழகு. மூன்ட்ராப் சூ 2 உங்கள் ரசனைக்கும் தம்பியின் ரசனைக்கும் நடுவில்: அடியில் பலம் உண்டு, அது குரலுக்குள் வழியாது. தம்பியும் நீங்களும் ஒன்றையே மாற்றி மாற்றிக் கேட்பதாக இருந்தால்தான் அதைச் சொல்வேன்.

தம்பிக்கு கே.இசட். இ.டி.எக்ஸ். புரோ. அடியும் மேலும் தூக்கி, நடுவைப் பின்னால் தள்ளிய வகை. விலையும் மற்றதைவிடக் குறைவு. ஆன்லைனில் எல்லாமே ஏறி இறங்கும், அதனால் வாங்கும் நாளில் விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் வயர் கழற்றி மாட்டும் மாடலாக வாங்குங்கள். இங்கே வியர்வையில் முதலில் கெடுவது வயர்தான். 

நம் ஊர்க் கடைகளில் பிரித்துப் போட்டுக் கேட்டுப் பார்க்க விடுவது அபூர்வம். அதனால் வாங்கும் முன் வரைபடம் பார்க்கப் பழகுவது நல்லது. ஸ்க்விக் லிங்க் என்ற தளத்தில் பெரும்பாலான மாடல்களின் ஒலி அளவீடு இலவசமாகக் கிடைக்கும். 1,000 ஹெர்ட்ஸ் இடத்தை மட்டமாக வைத்துக்கொண்டு இடது பக்கம் எவ்வளவு மேடு என்று பாருங்கள். அதுதான் பேஸ். 3,000-ஐ ஒட்டி ஒரு மேடு இருக்கத்தான் வேண்டும். வெளியிலிருந்து வரும் சத்தத்துக்குக் காதுக்குழாய் இயல்பாகத் தரும் தூக்கல் அது. காதை அடைத்ததும் அது கெட்டுவிடுவதால் இயர்போன்தான் திருப்பித் தர வேண்டும். 8,000 பக்கத்தில் தெரியும் கூர்முனையை மட்டும் நம்ப வேண்டாம். அளக்கும் கருவியின் எதிரொலியும் அங்கே சேர்ந்துவிடும். உங்களிடம் இப்போது இருக்கும் இயர்போனின் கோட்டையும் பக்கத்தில் போட்டுப் பார்த்தால், உங்கள் காதுக்கு எது கூட, எது குறைய என்று சீக்கிரம் பிடிபடும்.

போனில் 3.5 மில்லிமீட்டர் துளை இல்லையென்றால் டைப் சி டாங்கிள், அதாவது சின்ன இணைப்பு வயர், ஒன்று வேண்டும். உள்ளே டிஜிட்டல் தகவலை இயர்போனுக்கான மின் அலையாக மாற்றும் டி.ஏ.சி. சிப் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், அது இல்லாததைச் சில போன்கள் ஏற்காது. இந்த நாலு மாடலுக்கும் தனி ஆம்ப்ளிஃபையர் தேவையில்லை.

தம்பி விஷயத்தில் ஒன்றைப் பொறுப்போடு சொல்கிறேன். கேமுக்கு வயர்தான் சரி, ப்ளூடூத்தில் சத்தம் கொஞ்சம் தாமதமாக வரும். பஸ்தான் சிக்கல். இன்ஜின் உறுமல் முழுக்க அடி சத்தம். அது பாட்டின் பேஸை விழுங்கிவிடும், உடனே வால்யூமை ஏற்றத் தோன்றும். தஞ்சாவூருக்கு 40 கிலோமீட்டர், தினமும் போக வர அதே சத்தம். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். சத்தம் 3 டெசிபல் கூடினால் அந்த நேரம் பாதியாகிவிடும். அதனால் அவருக்கு ஃபோம் டிப் ஒரு ஜோடி சேர்த்து வாங்கிக் கொடுங்கள். அது விரிந்து காதை நன்றாக அடைக்கும், வெளிச் சத்தம் குறையும், ஏற்ற வேண்டிய தேவையும் குறையும். பஸ்ஸில் ஏறுவதற்கு முன், வீட்டில் அமைதியான அறையில் வால்யூமைச் சரியாக வைத்துவிட்டு அந்த அளவைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பஸ்ஸில் அதற்கு மேல் ஒன்றிரண்டு படி போகலாம். அப்போதும் பேஸ் போதவில்லை என்றால் வேவ்லெட் போன்ற ஈக்வலைசர் செயலியில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் 3 டெசிபல் ஏற்றிக்கொள்ளட்டும், வால்யூம் பொத்தானைத் தொட வேண்டாம். தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையத்தில் இறங்கி ரோட்டைக் கடக்கும்போது இரண்டு காதிலிருந்தும் கழற்றிவிட வேண்டும். ஃபோம் டிப் போட்டால் பின்னால் வரும் ஹாரன்கூடச் சரியாகக் கேட்காது.