வாசகர் கேள்வி பதில்: ஏரி உள்வாயை ஒட்டிய நிலத்தில் ஈரம் எங்கே முடிகிறது?

கேள்வி: செங்கல்பட்டு மாவட்டத்தில் எங்கள் பூர்வீக நிலம் ஒன்றேகால் ஏக்கர், ஓர் ஏரியின் உள்வாயை, அதாவது தண்ணீர் பரவி நிற்கும் உட்பகுதியை, ஒட்டி இருக்கிறது. பட்டா என் பெயரில்தான் உள்ளது. நிலத்தின் கீழண்டைப் பகுதியில் ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் நிற்கும். சித்திரையில் புழுதி பறக்கும். சென்ற மழையில் தண்ணீர் நின்ற இடம்வரை குச்சி நட்டு வைத்திருக்கிறேன். அதையே எல்லையாகக் கொண்டு மேட்டில் வீடு கட்டலாமா?

பதில்: குச்சியைப் பிடுங்க வேண்டாம், ஆனால் அதை எல்லையென்று நம்பவும் வேண்டாம். ஒரே ஒரு பருவத்தின் தண்ணீர், அந்த ஆண்டு பெய்த மழையைத்தான் காட்டும். நிலம் எத்தனை ஆண்டுகளாக, எதுவரை நனைந்து ஊறியிருக்கிறது என்பதை அறிய மண்ணைத் தோண்டித்தான் பார்க்க வேண்டும். செடி, மண், நீர் ஆகிய மூன்று தடயங்களையும் சேர்த்து ஈரநில எல்லையைக் குறிக்கும் முறையை, அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை 1987இல் வெளியிட்ட கையேடு வகுத்துக் கொடுத்தது. மூன்றில் மண்ணையே முதலில் பார்க்கச் சொல்வேன், ஏனெனில் அது கோடையிலும் பொய் சொல்லாது.

பள்ளத்திலிருந்து மேட்டை நோக்கி நேர்கோட்டில் நடந்து, பத்தடிக்கு ஒன்றாக ஒன்றரை அடி ஆழக் குழிகள் தோண்டுங்கள். மண்ணில் நீர் தேங்கி நின்றால் அதிலுள்ள நுண்ணுயிர்கள் சில நாட்களிலேயே உயிர்வளியைத் தீர்த்துவிட்டு, பிறகு இரும்பின் மீது கை வைக்கின்றன. செந்நிறம் தரும் இரும்பு அப்போது கரைந்து நகர்ந்துவிடுவதால் மண் சாம்பல் நிறமாக வெளுக்கிறது. வேர் சென்ற துளைகளின் வழியே காற்று புகும் இடங்களில் மட்டும் அந்த இரும்பு மீண்டும் துருவாகப் படிகிறது. ஆகவே சாம்பல் நிறக் களியில் வேர்த்தடங்களைச் சுற்றித் துருநிறக் கோடுகள் ஓடினால், அங்கே நீர் ஆண்டுதோறும் நெடுநாள் தங்குகிறது என்று கொள்ளலாம். மண்கட்டியைச் சற்று நனைத்து, உடைத்த உடனே, நல்ல பகல் வெளிச்சத்தில் நிறம் பாருங்கள். உருண்டு திரண்டு கெட்டியாக இருக்கும் துருக்கற்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அவை பழைய காலத்து எச்சமாக இருக்கக்கூடும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஐயமே இல்லை. சாம்பல் நிறம் முடிந்து பழுப்போ சிவப்போ தொடங்கும் இரு குழிகளுக்கு நடுவே மேலும் நெருக்கமாகத் தோண்டிப் பார்த்தால் எல்லை இரண்டு மூன்று அடிக்குள் அகப்படும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அந்தப் பகுதி முன்பு நன்செய்யாக இருந்திருந்தால், நெல்லுக்குக் கட்டிய நீரே இதே நிறத்தை உண்டாக்கியிருக்கும். கடைசியாக எப்போது நடவு நடந்தது என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

செடிகளில் சம்பு, நீர்முள்ளி, ஆரைக்கீரை, வள்ளைக்கீரை ஆகியவை நம்பத்தக்க சாட்சிகள். பொடுதலையும் கரிசலாங்கண்ணியும் வாய்க்கால் வரப்பிலும் முளைக்கும் என்பதால் அவற்றுக்குப் பாதி மதிப்பே தருவேன். பலர் ஏமாறுவது கோரையிடம்தான்: கோரையினத்தில் பல நீரில் வளர்பவை என்றாலும், கிழங்கு வைக்கும் சாதாரணக் கோரை புன்செய்க் காட்டிலும் உழவரைப் பாடாய்ப் படுத்துகிறது. சீமைக்கருவேல் வறண்ட ஏரிக்குள்ளும் மேட்டிலும் ஒன்றுபோல் வளர்வதால் அதை விட்டுவிடுங்கள். ஆவாரை, கொழிஞ்சி, எருக்கு ஆகியவை தொடர்ந்து தென்படத் தொடங்கும் கோடு, மண் காட்டும் கோட்டுக்கு அருகிலேயே இருக்க வேண்டும். இரண்டும் வெகுவாக விலகினால் ஏதோ ஓர் இடத்தில் தவறாகப் பார்த்திருக்கிறீர்கள்.

நீரின் தடயங்களைப் பார்க்கத் தை மாதமே ஏற்றது. மரத்தண்டில் படிந்த சேற்றுக் கோடு, வேலிமுள்ளில் சிக்கிய சருகுக் குவியல், காய்ந்து சுருண்ட பாசிப்படலம், நத்தை ஓடுகள் ஆகியவற்றைத் தேடுங்கள். 2015 நவம்பர், டிசம்பர் மழையில் தண்ணீர் எதுவரை ஏறியது என்பதையும் அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள்.

இனி, கேள்வியில் நீங்கள் கேட்காத ஒன்று. ஏரியைப் பொறுத்தவரை செடியும் மண்ணும் சொல்வதற்கும் மேலாக ஓர் அளவு இருக்கிறது: ஏரி நிரம்பியதும் உபரி நீரை வழியவிடும் கலங்கலின் மேல்மட்டம். அதுவே ஏரியின் முழுக்கொள்ளளவு மட்டம். வெள்ளக் காலத்தில் நீர் அதற்கும் மேலே ஏறித்தான் கலங்கல் வழியே வழியும். அனுபவமுள்ள நில அளவையாளரைக் கொண்டு, லெவல் கருவியால் அந்த மட்டத்தை உங்கள் நிலத்துக்குக் கொண்டுவந்து குறிக்கச் சொல்லுங்கள். அதற்குக் கீழே இருக்கும் மண்ணில், பட்டா இருந்தாலும், வீடு கட்ட நினைக்காதீர்கள். 2017ஆம் ஆண்டின் மத்திய ஈரநில விதிகள், பாசனத்துக்கென்றே கட்டப்பட்ட நீர்நிலைகளையும் நெல்வயல்களையும் ஈரநிலம் என்ற வரையறையிலிருந்து விலக்கியுள்ளன. அதைக் காட்டி ‘இது ஈரநிலம் இல்லை’ என்று தரகர்கள் சொல்லக்கூடும். ஏரிகளுக்கெனத் தமிழ்நாட்டில் 2007ஆம் ஆண்டிலேயே தனியாகப் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் வந்திருப்பதை அவர்கள் சொல்ல மாட்டார்கள். நில எல்லைகளைக் காட்டும் புலப்பட வரைபடத்தையும், புல எண்வாரியாக நிலத்தின் வகையைச் சொல்லும் ‘அ’ பதிவேட்டையும் வாங்கி, அடுத்த புல எண் நீர்நிலைப் புறம்போக்கா என்று பார்த்த பிறகே மேஸ்திரியைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: நாங்கள் வாங்க நினைக்கும் மனையில் ஏற்கெனவே மண் கொட்டி உயர்த்திவிட்டார்கள். செடியும் இல்லை, நீரும் நிற்கவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: கொட்டிய மண்ணுக்கு அடியில் பழைய தரை அப்படியேதான் இருக்கிறது. உரிமையாளரின் ஒப்புதலோடு கைத்துரப்பணத்தால் (கையால் திருகி மண்ணில் இறக்கும் துளைக்கருவி) துளையிட்டு, செங்கல் துண்டும் கட்டட இடிபாடும் முடிகிற ஆழத்துக்குக் கீழே வரும் மண்ணை எடுத்துப் பாருங்கள். சாம்பல் நிறக் களியும் மட்கிய வேர்களும் நத்தை ஓடுகளும் வந்தால் விடை கிடைத்துவிட்டது. கூகுள் எர்த் செயலியில் பழைய ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களைப் பார்க்கும் வசதி உண்டு. மழைக்காலத்திலோ அதை அடுத்த மாதங்களிலோ எடுத்த படங்களை மட்டும் பாருங்கள். மே மாதப் படத்தில் எல்லா ஏரியும் மைதானமாகத்தான் தெரியும்.