வீடியோ கேமில் வீரருக்குக் காயம்: வேண்டுமா, வேண்டாமா? கேள்வி பதில்

விளையாட்டு வீடியோ கேம்களில் திடீரென வந்து நிற்கும் காயங்களைப் பற்றிப் பலரும் கேட்டிருந்தீர்கள். அணியை நாமே நிர்வகிக்கும் மேனேஜர் வகை கேம்களை ரொம்ப வருடமாக ஆடுகிறவன், ஒரு சின்ன கேமுக்குக் காயக் கணக்கு எழுதிக் கொடுத்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஃபைனலுக்கு மூன்று நாள் இருக்கும்போது பயிற்சியில் என் ஸ்ட்ரைக்கருக்கு தசைநார் கிழிந்து ஆறு மாதம் அவுட். நான் என்ன தப்பு செய்தேன்? இதெல்லாம் ஒரு விளையாட்டா?

வயிற்றெரிச்சல் புரிகிறது. ஆனால் ஃபுட்பால் மேனேஜர் மாதிரி கேம்களில் வெறும் பகடை மட்டும் உருளுவதில்லை. ஒவ்வொரு வீரருக்கும் 'சீக்கிரம் காயம்படுகிறவரா' என்று கண்ணுக்குத் தெரியாத ஓர் எண் இருக்கும். அதோடு களைப்பு, பயிற்சியின் கடுமை எல்லாம் சேரும். எட்டு நாளில் மூன்று மேட்ச், மூன்றிலும் முழு 90 நிமிடம், பயிற்சியும் உச்சத்தில் என்றால் பகடையை உருட்டியது கேம்தான், ஆனால் அது பாதகமாக விழும்படி அதில் ஈயம் ஏற்றியது நீங்கள். அப்படி எதுவுமே செய்யாமல் நடந்திருந்தால் உங்கள் கோபம் நியாயம். முன்னறிகுறியே இல்லாமல் வரும் காயத்தை நானும் சோம்பேறி வடிவமைப்பு என்றுதான் சொல்வேன்.

கேள்வி: ஒரே மேட்சில் மூன்று பேர் காலி. கேம் வேண்டுமென்றே என்னைக் கவிழ்க்கிறது, சரிதானே?

இல்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மேட்சில் ஒருவர் காயப்பட 100க்கு 3 வாய்ப்பு என்று வையுங்கள். கேட்கச் சின்ன எண். ஆனால் 11 பேரில் ஒருவராவது விழ 100க்கு 28 ஆகிவிடும். மூன்று பேரோ அதற்கு மேலோ ஒரே மேட்சில் விழுவது ஆயிரத்துக்கு நான்கு கூட வராது. ஆனால் 38 மேட்ச் சீசனில் ஒரு முறையாவது அது நடக்க ஏறக்குறைய 100க்கு 13 வாய்ப்பு உண்டு. இத்தனை பேர் ஆடும்போது தினமும் யாராவது ஒருவருக்கு அது நடக்கும். அவர்தான் வந்து திட்டுவார். நடக்காதவர் எதற்கு வாயைத் திறக்கப் போகிறார்?

இப்படிக் கொத்தாக வருவதைத் தடுக்க வழி இருக்கிறது. டோட்டா 2 என்ற ஆன்லைன் சண்டை கேமில் சில திறன்களின் வாய்ப்பு சின்னதாகத் தொடங்கி, நடக்காத ஒவ்வொரு முறையும் ஏறும். நடந்ததும் பழைய இடத்துக்கு இறங்கும். நான் எழுதிய கணக்கிலும் அதே சூத்திரம்தான். புகார் பாதியாகக் குறைந்த மாதிரி இருந்தது.

கேள்வி: நிஜத்திலும் இவ்வளவு காயமா?

கால்பந்தில் இதைவிட அதிகம். ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஇஎஃப்ஏ 2001 முதல் ஐரோப்பாவின் பெரிய கிளப்புகளில் நடத்திவரும் ஆய்வின்படி, 25 பேர் கொண்ட அணிக்கு ஒரு சீசனில் சுமார் 50 காயம். ஆயிரம் மணி நேரத்துக்குக் கணக்கிட்டால் பயிற்சியில் 4, மேட்சில் 27. அதிகம் அடிபடுவது பின்தொடைத் தசை. ஏற்கெனவே காயம்பட்டவர் மறுபடி படுவதும் அதிகம். இதை அப்படியே கேமில் வைத்தால் ஒருவரும் ஆட மாட்டார்கள்.

கேள்வி: ஆன்லைனில் இன்னொருவரோடு ஆடும்போது?

வேண்டவே வேண்டாம். பத்து நிமிட மேட்சில் போன வீரரை ஈடுகட்ட நேரம் எங்கே?

கேள்வி: பழைய கேமில் ஆம்புலன்ஸ் வருமாமே அண்ணா, நிஜமா?

நிஜம்! மேடன் 92 என்ற அமெரிக்கக் கால்பந்து கேமில் காயப்பட்டவரை ஏற்ற வரும் ஆம்புலன்ஸ், வழியில் நிற்கிற மற்ற வீரர்களையும் இடித்துத் தள்ளிக்கொண்டு வரும். அன்றைக்கு அது நகைச்சுவை. அப்புறம் தலைக்காயத்தின் விபரீதம் வெளியே பேசப்பட்டது. மேடன் 12-ல் மூளை அதிர்ச்சி அடைந்தவர் அந்த மேட்சுக்குத் திரும்பவே முடியாது என்று ஆக்கினார்கள். நல்ல மாற்றம்.

கேள்வி: எதில் காயம் சரியாக அமைந்திருக்கிறது?

பிளட் பவுல் என்ற கற்பனை உலகக் கால்பந்து கேமில். பகடைதான், ஆனால் மூடிமறைப்பு இல்லை. வீரர் கீழே விழுந்தால் இரண்டு பகடை, கவசம் தாங்குகிறதா என்று. தாங்காவிட்டால் இன்னும் இரண்டு: கூட்டுத்தொகை 7 வரை சும்மா மயக்கம், 8, 9 என்றால் வெளியே, 10 அல்லது அதற்கு மேல் போனால் பெரிய காயம். எந்த ஆளை எந்த ஆளுக்கு எதிரே நிறுத்துகிறோம் என்பது நம் கையில். துணிந்து இறங்கி ஆள் போனால், போனது நம் துணிச்சலால் என்று தெரியும்.

கேள்வி: காயம் வந்ததும், முன்பே சேவ் செய்து வைத்த ஆட்டத்தை மறுபடி லோடு செய்கிறேன். பாவமா?

உங்கள் கேம், உங்கள் இஷ்டம். நானும் ஒரு முறை ஆறு தடவை லோடு செய்தேன். ஆறாவது தடவை ஸ்ட்ரைக்கர் தப்பித்தார், கோல்கீப்பருக்கு விரல் உடைந்தது. மணி இரவு இரண்டு. சலித்துப்போய் பெஞ்சில் இருந்த 17 வயதுப் பையனை இறக்கினேன். ஃபைனலில் 3-1 தோற்றோம். ஆனால் அடுத்த எட்டு சீசனும் என் கோல்போஸ்டில் நின்றது அந்தப் பையன்தான்.