டிராகன் வாய் திறந்தால்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். கோத்தகிரியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் இந்த மழைக்காலம் முழுக்க டிராகன் நாவல்களாகவே வாசித்துத் தள்ளுகிறாள். எல்லாம் ஆங்கிலம், எல்லாம் தலையணை கனம். ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். ஒரு சிறுவன், ஒரு முட்டை, ஒரு போர். அடுத்ததிலும் அதுவே. நம்மிடம் யாளி இருக்கிறது, புதையல் காக்கும் நாகம் இருக்கிறது. இறக்கை முளைத்த நெருப்புப் பல்லிக்கு நம் பிள்ளைகள் ஏன் இப்படி மயங்க வேண்டும்? இவ்வகை நாவல்களை விரும்பி வாசிப்பவர் நீங்கள் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். உங்களுக்குப் பிடித்தவை எவை? அவளுக்கு எதை வாங்கிக் கொடுக்கலாம்?

ஆர்., கோத்தகிரி

அன்புள்ள ஆர்.,

உங்கள் எரிச்சல் நியாயமானதுதான். முட்டையும் சிறுவனும் போருமாக ஒரே அச்சில் வார்த்த நாவல்கள் வந்துகொண்டே இருக்கின்றன. நானும் பலவற்றைப் பாதியில் மூடி வைத்திருக்கிறேன். ஆனால் அவற்றைக் கொண்டு இந்த வகையையே எடைபோட வேண்டாம்.

டிராகன் நெருப்புக் கக்குவதை யாரும் எழுதிவிடலாம். அது வாய் திறந்து பேசும்போது எதிரில் நிற்பவனுக்கு என்ன ஆகிறது என்றுதான் நான் பார்ப்பேன். உங்கள் மகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். கோத்தகிரியில் வளரும் பிள்ளை, தேயிலைச் செடிகளுக்கு நடுவே காட்டெருமை நிற்பதைப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டாள். ஓடக் கூடாது, கத்தக் கூடாது, அது நகரும்வரை நின்று வழிவிட வேண்டும். அச்சமும் மரியாதையும் பிரிக்க முடியாமல் கலந்த நேரம் அது. அந்தக் காட்டெருமை திரும்பிப் பார்த்து, "எந்த ஊர் பிள்ளை நீ?" என்று கேட்டால் எப்படி இருக்கும்? எனக்குப் பிடித்த டிராகன் நாவல்கள் எல்லாம் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகின்றன.

முதலில் டோல்கீனின் 'தி ஹாபிட்'. 1937-இல் வந்தது. ஸ்மௌக் என்ற டிராகன் மலைக்குள் பொற்குவியல் மேல் படுத்திருக்கிறது. அதைத் திருட, மாய மோதிரம் அணிந்து கண்ணுக்குத் தெரியாமல் வந்து நிற்கிறான் கதாநாயகன் பில்போ. ஸ்மௌக்குக்கு அவன் வாசனை தெரிகிறது, பேச்சுக் கொடுக்கிறது. பெயரைச் சொன்னால் ஆபத்து, சொல்ல மறுத்தால் அதைவிட ஆபத்து. எனவே பில்போ விடுகதை போடுகிறான். தன்னைப் பற்றிய பட்டப்பெயர்களாக அடுக்குகிறவன், பெருமை தாங்காமல் பீப்பாயில் சவாரி வந்தவன் என்றும் சொல்லிவிடுகிறான். அந்த ஒரு சொல் போதும், இவனுக்கு உதவியவர்கள் ஏரிக்கரை நகரத்தார் என்று டிராகன் கணக்குப் போட்டுவிடுகிறது.

அடுத்து அது செய்வதுதான் என்னைத் திரும்பத் திரும்ப வாசிக்க வைக்கிறது. அந்த நேரத்தில் அது அவனை எரிக்கவில்லை, அக்கறையாக விசாரிக்கிறது. இந்தப் பொன்னைத் திருடினாலும் எப்படி ஊர் கொண்டுபோய்ச் சேர்ப்பாய்? வண்டிக் கூலி, வழிக்காவல், சுங்கம் எல்லாம் யோசித்தாயா? உன் கூட்டாளிகள் இதைப் பற்றி வாயே திறக்கவில்லையே, ஏன்? பில்போவின் மனத்தில் முதல்முறையாக நண்பர்கள் மேல் சந்தேகம் விழுகிறது. கணக்கு எழுதுகிறவர் நீங்கள், அந்தக் கேள்வியின் நஞ்சு உங்களுக்குப் புரியும். பதிலுக்கு பில்போ முகத்துதி செய்கிறான். மயங்கிப்போன ஸ்மௌக், மணிகள் பதிந்த தன் வயிற்றைப் புரண்டு காட்டுகிறது. இடது மார்பில் கவசமில்லாத ஓர் இடம் தெரிந்துவிடுகிறது. பின்னால் அது வீழ்வது அந்த இடத்தில் தைக்கும் அம்பினால்தான் என்றாலும், உண்மையில் தோற்றது இந்த உரையாடலில்தான் என்பேன்.

டோல்கீன் ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர். பழைய காவியமான 'பேவுல்ஃப்'பிலும் கிண்ணம் திருடுபோய் டிராகன் சீறும், ஆனால் அது பேசாது. பேசும் டிராகன் வட ஐரோப்பியப் பாடல்களில் இருக்கிறது. ஃபாஃப்னிர் என்பது அதன் பெயர். அதைக் குத்திய வீரனும் முதலில் தன் பெயரை மறைக்கத்தான் பார்க்கிறான்.

உர்சுலா லெ குவின் 1968-இல் எழுதிய 'எ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ' இதைத் தலைகீழாக்குகிறது. இங்கே பெயரை அறிந்திருப்பவன் மனிதன். கெட் என்ற இளம் மந்திரவாதி, தன்னை நம்பிய தீவு மக்களுக்காகத் தனியே படகில் போய்க் கிழட்டு டிராகனைப் பெயர் சொல்லி அழைத்துக் கட்டுகிறான். டிராகன் பேரம் பேசுகிறது. தன் கர்வத்தால் கெட் அவிழ்த்துவிட்ட ஒரு நிழல் அவனைத் துரத்திக்கொண்டிருக்கிறது. அந்த நிழலின் பெயரைச் சொல்கிறேன், உயிர் பிழைத்துப் போ என்கிறது டிராகன். கெட் அதை ஒதுக்கிவிட்டு, இனி நீயும் உன் பிள்ளைகளும் இந்தத் தீவுகளுக்கு வரக் கூடாது என்று சத்தியம் வாங்குகிறான். சில பக்கங்கள்தான். வாள்வீச்சால் நானூறு பக்கம் நிரப்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டு எழுதலாம்.

நீங்கள் புரட்டிய முட்டைக் கதைகளுக்கு மூதாதை அதே 1968-இல் வந்த ஆன் மக்காஃப்ரியின் 'டிராகன்ஃப்ளைட்'. முட்டையிலிருந்து வெளிவரும் குட்டி ஒரு மனிதரைத் தேர்ந்துகொள்கிறது, அதன்பின் இருவருக்கும் மனத்தாலேயே பேச்சு. மக்காஃப்ரி நன்றாகவே எழுதினார். பின்வந்தவர்கள் கையில் டிராகன் வளர்ப்புப் பிராணியாகிவிட்டது. சவாரிக்கு ஒத்துக்கொண்ட டிராகனிடம் யாருக்கு அச்சம் வரும்? விதிவிலக்காக நவோமி நோவிக்கின் 'டெமரேர்' வரிசையைச் சொல்வேன், முதல் நூல் 2006. நெப்போலியன் காலப் போர்களில் வான்படையாக டிராகன்கள். டெமரேர் என்ற டிராகன் தனக்குப் புத்தகம் வாசிக்கச் சொல்லிக் கேட்கும், பிறகு எங்களுக்கு ஏன் சம்பளம் இல்லை என்றும் கேட்கும். அந்தக் கேள்விக்காகவே உங்கள் மகளுக்கு வாங்கிக் கொடுக்கலாம்.

நம் மரபைக் கேட்டீர்கள். யாளி தூணில் நிற்கிறது, பேசுவதில்லை. நான் சூரபத்மனைத்தான் சொல்வேன். வேல் மாமரத்தைப் பிளந்து மயிலும் சேவலும் ஆன கதை பழனிக்குக் காவடி எடுப்பவர் எல்லாருக்கும் தெரியும். அதற்கு முன் கந்தபுராணத்தில் முருகன் பேருருவம் காட்டுகிறான். அதைக் கண்ட சூரன், இவனைப் "பாலன் என்று இருந்தேன்" என்று தன் அறியாமையைச் சொல்லித் துதிக்கிறான். பேருருவம் மறைந்ததும் பழைய சினம் திரும்பிவிடுகிறது. வாகனமாக்குவதற்கு முன் எதிரியைப் பேச விட்டிருக்கிறார் கச்சியப்ப சிவாச்சாரியார். இதை ரசிக்கத் தெரிந்த வாசகர் லெ குவினில் அந்நியமாக உணர ஒன்றுமில்லை.

என் அளவுகோலுக்கு அடங்காத நாவல் ஒன்றும் உண்டு. கசுவோ இஷிகுரோவின் 'தி பரீட் ஜயன்ட்', 2015. அதில் டிராகன் பேசாது. கிழடாகிப் படுத்திருக்கிறது, அதன் மூச்சு மூடுபனியாகப் பரவி ஊரார் எல்லாரும் பழையதை மறந்துபோகிறார்கள். மறதி விலகினால் பழைய படுகொலைகளும் நினைவுக்கு வந்துவிடும். மிக நல்ல நாவல். ஆனால் வயதான கணவனும் மனைவியும் நடந்துபோகும் கதை, ஒன்பதாம் வகுப்புக்கு அலுப்பூட்டும். அவள் லெ குவினில் தொடங்கட்டும்.

உங்களுக்கென்று ஒன்று தனியாகச் சொல்கிறேன். ஜோ வால்டனின் 'டூத் அண்ட் க்ளா', 2003. முக்கியப் பாத்திரங்கள் அனைத்தும் டிராகன்கள். தேவாலயம், வரதட்சணை, கௌரவம் எல்லாம் உண்டு. அப்பா இறந்ததும் வழக்கப்படி பிள்ளைகள் அவர் உடலைப் பங்கிட்டு உண்ண வேண்டும், அப்போதுதான் வளர முடியும். மாப்பிள்ளை தன் பங்குக்கு மேல் தின்றுவிட்டார் என்று மகன் வழக்குத் தொடுக்கிறான். நம் ஊர்ப் பாகப்பிரிவினையை ஒருமுறையாவது அருகிலிருந்து பார்த்தவர் சிரிக்காமல் இருக்க முடியாது. மகள் படித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம், நீங்களே முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.